வஞ்சிரம் ஆர்டர்

நாகல் நகரில் மீன் கடை வைத்திருக்கும் கிறிஸ்துராஜுக்கு வாய் கொஞ்சம் நீளம். புது மருமகனுக்கு விருந்து வைக்க வடமதுரை சோலைமலை பத்துக் கிலோ வஞ்சிரம் கேட்டதும், "தூத்துக்குடியில என் மச்சான் வள்ளம் வச்சிருக்கும்போது ஒங்களுக்கு என்னண்ணே கவல?" என்று அளந்துவிட்டார். கையோடு மச்சான் ராயப்பராஜுக்குப் போன் போட்டு, "வஞ்சிரம் இல்லாமக் கரையேறிராதீங்க, என் மானம் போயிரும்" என்றும் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மச்சான் கடலுக்குள்ளிருந்து கூப்பிட்டார். போனில் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் கேட்டது.

"மாப்ள, காத்து ஏறிக்கிட்டே இருக்கு. மத்த வள்ளமெல்லாம் திரும்பிட்டு. இன்னும் நாலு மைலு ஓடுனா வஞ்சிரம் கெடைக்கும். பாத்துட்டு வந்திருதேன்."

"வேணாம் மச்சான், திரும்பிருங்க."

"நான் பாக்காத காத்தாடே?"

கிறிஸ்துராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார். சின்ன வள்ளம், உள்ளே மூன்று பேர். கவிழ்ந்தால் தூக்கிவிடப் பக்கத்தில் இன்னொரு வள்ளம் கிடையாது. பயம் காட்டினாலோ இந்த மனுஷன் இன்னும் முறுக்கிக்கொண்டு போவார். அவரை அங்கே விரட்டியதே தன் வாய்தான் என்று நினைத்தபோது தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஆர்டர் கேன்சல் மச்சான். பார்ட்டி வேணாம்னுட்டாரு."

"வெளங்காத பய! காலையிலயே சொல்லித் தொலைக்கலாம்லா?" வள்ளத்தைத் திருப்பச் சொல்லி அவர் கத்துவது கேட்டது. லைன் கட்டானது.

நிமிர்ந்தால், மீன் எப்போது வரும் என்று கேட்க வந்த சோலைமலை பையோடு எதிரே நின்றார். "ஏப்பு, நான் எப்ப வேணாம்னேன்?"

மழுப்ப வழியில்லை. கிறிஸ்துராஜ் உள்ளதைச் சொன்னார். சோலைமலை வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

"மேகமே இல்லியேப்பா?"

"கடல்ல மேகத்தப் பாத்துப் பிரயோசனமில்லண்ணே. காத்துதான் ஆளக் கவுக்கும்."

சோலைமலை பையை மடித்துக் கக்கத்தில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை, ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். "கரையேறுன சேதி வரட்டும். மருமகனுக்குக் கோழி அடிச்சுக்கிருவோம்."

ஒன்றரை மணி நேரம் இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

போன் அடித்தது. "கரைக்கு வந்துட்டோம். மாப்ள, அந்தப் பார்ட்டி நம்பரக் குடு. நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

கிறிஸ்துராஜ் வாயைத் திறப்பதற்குள் சோலைமலை போனை வாங்கிக்கொண்டார்.

"அந்தப் பார்ட்டி நாந்தேன். தப்பு எம்மேலதேன், கேளுங்க."

ராயப்பராஜ் கேட்டார். நாலோடு நிறுத்தவில்லை. சோலைமலை எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போட்டார். கிறிஸ்துராஜ் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டு ஓய்ந்ததும் சோலைமலை கேட்டார்: "சாப்டீகளா?"