இரண்டாம் பத்தியில் ஒரு கால்மிதி

அந்தக் கால்மிதியை வாசலில் போட்டது நான்தான். வீட்டில் அல்ல, கதையில், இரண்டாம் பத்தியில்.

மாலை வகுப்பில் எங்களுக்கு எழுதச் சொல்லித்தருபவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்பக்கம். எதைக் கொண்டுபோனாலும் "இதை அரைப்பக்கத்துல சொல்லலாமே" என்பார். அரசியல் வன்முறை பற்றி எழுதச் சொன்ன வாரம், வகுப்பில் எங்களோடு படிக்கும் பஸ் ஓட்டுநர் அண்ணன் ஒரே கதையில் ஏழு பேரைச் சுட்டுத் தள்ளியிருந்தார். அரைப்பக்கம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏழு பேர் செத்துட்டாங்க. ஒருத்தரையும் எனக்குத் தெரியலையே சார்" என்றார்.

"தெரிஞ்சவங்களைக் கொல்ல மனசு வரல சார்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்ததை டைரியில் எழுதினேன், பிறகு அடித்தேன்.

நான் எழுதியது அத்தானைக் கொண்டுபோன நாளைப் பற்றி. அக்காவின் கணவர், அச்சகத்தில் வேலை பார்த்தவர். வேலைநிறுத்தக்காரர்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார் என்று பட்டப்பகலில் மூன்று பேர் வந்து அழைத்துப் போனார்கள். பதினோரு வருடமாக ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அதனால் தெரிந்தது, தெரியாதது என்று இரண்டு பட்டியல் போட்டேன். தெரியாததுதான் நீளம். அதில் ஓரிடத்தை நிரப்பத்தான் கால்மிதி. வந்தவர்களில் ஒருவன் மட்டும் வாசலில் நின்று பூட்ஸைத் துடைக்கிறான், வீடு அழுக்காகிவிடக் கூடாது என்பதுபோல. இடது கால், வலது கால், மறுபடி இடது.

வாசித்து முடித்ததும் அரைப்பக்கம் தாளை வாங்கிக் கால்மிதி வரியைக் காட்டினார். "இதை எங்கம்மா பிடிச்ச?" என்றார். சும்மா தோன்றியது என்றேன். பாராட்டு பிடித்திருந்தது, நடக்காத ஒன்றை அத்தானின் தலையில் கட்டிவிட்டேனோ என்று உறுத்தவும் செய்தது. வீட்டில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஒரே சட்டையை மூன்று முறை மடித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, காணாமல்போனவர்களுக்கான விசாரணைக் குழுவின் அலுவலகத்துக்கு அவளோடு போனேன். புதிதாக எதுவும் இல்லாவிட்டால் அன்றோடு கோப்பை மூடிவிடுவதாகக் கடிதம் வந்திருந்தது. வாக்குமூலம் எடுத்த அம்மாள் பழைய தாள்களைப் புரட்டியபடி, "வேற ஏதாவது ஞாபகம் வருதா?" என்று கேட்டார்.

"ஒருத்தன் காலைத் தொடைச்சுட்டுதான் உள்ள வந்தான்" என்றாள் அக்கா.

நான் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"முதல்ல குடுத்ததுல இது இல்லையேம்மா. அப்ப ஏன் சொல்லல?"

என் கற்பனை ஒன்று அந்தக் கோப்பில் போய் உட்கார்ந்தால், மிச்சத்தையும் யாரும் நம்பமாட்டார்கள். அக்காவின் முழங்கையைத் தொட்டேன். "அக்கா, அது கதை. நான் எழுதினது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ தூங்கலடி."

எனக்குப் புரியவில்லை.

"கதவு இடுக்குல நின்னுட்டிருந்த. நான் வாசலுக்கு முதுகு காட்டி உங்க அத்தானைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், எனக்கு என்ன தெரியும்? அன்னிக்குச் சாயங்காலம் நீதான் சொன்ன. இடது, வலது, இடதுன்னு என் முன்னாடி செஞ்சு காட்டின. உன்னையும் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து, நீ தூங்கிட்டிருந்தன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நீயும் நம்பிட்ட."

அந்த அம்மாள் தட்டச்சை நிறுத்திவிட்டார். "அப்போ பாத்தது இவங்களா?"

பதினோரு வருடம் என்னை மறைத்து வைத்திருந்தவள், இப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுப்பறையிலிருந்து ஓர் உறை வந்தது. மேசைமேல் பன்னிரண்டு புகைப்படங்கள், மூன்று வரிசை. "அவசரமில்ல. நிச்சயமா தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

எல்லாம் மார்புவரை எடுத்த படங்கள். எவனுக்கும் கால் இல்லை. கதையிலும் நான் அவனுக்கு முகம் வைத்திருக்கவில்லை. வைக்க நினைத்தால் முடியும். களைத்த கண், சரியாக மழிக்காத தாடை என்று இரண்டு வரி போதும், உயிர் வந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது. இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றாக, பத்து எண்ணும்வரை பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு முதல் படத்திலிருந்து தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

பக்கத்தில் அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் படத்திலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். என் சுட்டுவிரல் இரண்டாம் வரிசையின் கடைசிப் படத்தின்மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. விரலைச் சுற்றிலும் அந்தப் பளபளப்பான தாளில், வேர்வை மெல்லப் பூத்துக்கொண்டிருந்தது.