தெரிந்த நடை

நாங்கள் வேலை செய்கிற கட்டிடத்துக்குப் புது கேமரா அமைப்பு வந்தபோது அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தது என் அக்கா வீட்டுக்காரர்தான். மாமா அங்கே தலைமைக் காவலாளி. நான் மேல்மாடிக் கண்காணிப்பு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள். புது கேமராவுக்கு ஏசி அறை கொடுத்தாயிற்று, தூசி படக்கூடாது, பக்கத்தில் யாரும் டீ கொண்டு போகக்கூடாது, மேலாளர் தினமும் வந்து சௌகரியமா என்று விசாரிக்காத குறை. இதை மாப்பிள்ளை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று மாமா கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு மாப்பிள்ளையை வந்த அன்றே பிடித்துப்போயிற்று. அதற்கு முன்னால் இருந்தது சரியான பயந்தாங்கொள்ளி. பூனை போனால் கத்தும், பிளாஸ்டிக் பை பறந்தால் கத்தும், ஜன்னல் திரை அசைந்தால் கத்தும். அது கத்திய கத்தலில், நிஜமாகவே ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன அன்று நான் ஒலியை அணைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். புதியதற்குப் பூனை எது, ஆள் எது என்று தெரியும். அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அதனிடம் இருந்தது. ஊழியர் வாசலில் வருகிறவர்களை முகத்தை வைத்து மட்டுமல்ல, நடையை வைத்தும் கண்டுபிடித்துவிடும். மழைக்கோட்டோ ஹெல்மெட்டோ, எதை மாட்டிக்கொண்டு வந்தாலும் சரி. தெரிந்த ஆள் என்றால் உருவத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். இல்லையென்றால் சிவப்புக் கட்டமும் ஒரு மணியும். நான் பார்த்துவிட்டு 'தெரிந்தவர்' அல்லது 'தெரியாதவர்' என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கண் பூத்துப்போகிற வரை திரைகளை வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட உபகாரம் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

மாமாவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. மனுஷன் நடப்பதையெல்லாம் ஒரு மிஷின் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா, எனக்குக் கண் இல்லையா என்பார். சும்மா சொல்லக்கூடாது, அவருக்குக் கண் உண்டு. முதுகைப் பார்த்தே வேலைக்கு வந்தவன் யார், கை வைக்க வந்தவன் யார் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெருமையும் உண்டு, கொஞ்சம் தூக்கலாகவே.

அப்படிப்பட்டவரைச் சுற்றி ஒரு திங்கட்கிழமை காலை சிவப்புக் கட்டம் விழுந்தது. மணியும் அடித்தது. நான் சிரித்தபடி 'தெரிந்தவர்' என்று அமுக்கினேன். மறுநாளும் அதே கதை. அடுத்த நாள் பச்சை, அதற்கடுத்த நாள் மறுபடியும் சிவப்பு. மற்ற காவலாளிகள் விடுவார்களா? மாப்பிள்ளைக்கு மாமாவை மட்டும் பிடிக்கவில்லை, சீர் ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று கிண்டல் செய்தே அவரைக் காய்ச்சிவிட்டார்கள். அவர் மேலாளரிடம் போய், பதினெட்டு வருஷமாக இதே வாசலில் நிற்கிறவனைத் தெரியாத சனியனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சண்டை போட்டார். மேலாளர் என் தலையில் கட்டினார். பொறியாளரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல் என்றார்.

அன்று காலையிலிருந்தே மழை. பொறியாளர் தொலைபேசியில் மாமாவின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கோளாறு ஒன்றும் இல்லை, நான் தினமும் 'தெரிந்தவர்' என்று அமுக்கி வருவதே போதும் என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் அமுக்கிட்டே இருங்க மேடம். அவரோட புது நடையை அது பழகிக்கும். அப்புறம் மணி அடிக்காது."

"புது நடையா? என்ன புது நடை?"

"அது எனக்குத் தெரியாதுங்க. முன்ன மாதிரி நடக்கலைன்னு மட்டும்தான் அது சொல்லுது."

ஃபோனை வைத்துவிட்டு இரண்டு மாதத்துக்கு முந்தைய காட்சி ஒன்றையும் அன்றைய காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். பழையதில் மாமா கட்டிடமே தன் பேரில் இருப்பது மாதிரி இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். புதியதில் இடது கால் தரையைத் தேய்த்தது. இடது கை, ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி அசையாமல் தொங்கியது. அடுத்த தெருவில்தான் அவர்கள் வீடு. தினமும் அவரைப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா கையால் அங்கேதான் சாப்பாடு. ஒரு நாள்கூட என் கண்ணில் இது படவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடத்து ஷட்டரில் அவர் தலையை இடித்துக்கொண்டார், நாங்கள் சிரித்தோம். அப்புறம் ஓயாத தலைவலி, சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை. சாப்பிட உட்கார்ந்தால் தம்ளரைக் கை நழுவ விடுகிறார், டிவி முன்னால் தூங்கி வழிகிறார், வர வரச் சோம்பேறி ஆகிவிட்டார் என்று அக்கா புலம்பியிருந்தாள்.

நேராகச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆள் இல்லை அவர். அதிலும் மிஷின் சொல்கிறது என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, சந்தேகப்படும்படி ஓர் ஆள் வந்திருக்கிறான், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, உங்கள் கண்தான் வேண்டும் என்றேன். மாமாவுக்கு ஏக சந்தோஷம். லிஃப்டில் வந்து, தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் திரை முன்னால் குனிந்தார்.

அன்று காலைக் காட்சியைப் போட்டேன். கம்பெனி எல்லோருக்கும் கொடுத்த நீல மழைக்கோட்டு, தலையை மூடிய குல்லா, பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். உடை மாற்றும் அறைக்குப் போகிற நீள வராந்தாவில் ஒருவர் நடந்து போகிறார்.

"நம்ம ஆளு இல்லை," என்றார் உடனே. "நம்ம பசங்க நடை எல்லாம் எனக்கு அத்துப்படி. எவனோ நம்ம கோட்டை எடுத்து மாட்டிட்டு வந்திருக்கான்." இன்னும் கொஞ்சம் குனிந்தார். "இடது காலை இழுக்கிறான் பாரு. கையும் ஆடலை. குடிச்சவன் இல்லை இவன், உடம்புக்கு என்னமோ ஆயிருக்கு. விழுந்து தொலைக்கப் போறான். முதல்ல ஆளைப் பிடிச்சு உட்கார வைக்கச் சொல்லு."

ஊருக்கே வாயாடி என்று பெயர் எடுத்த நான் பதிலுக்குத் திரையைத்தான் காட்டினேன். காட்சி தன் பாட்டுக்கு ஓடியது. வராந்தாவின் கோடியில் அந்த ஆள் திரும்பி, குல்லாவைத் தள்ளிவிட்டு, வலது கையால் முகத்தைத் துடைத்தார்.

மாமா திரையை விட்டுத் தன் இடது கையைப் பார்த்து, விரல்களை மடக்கிப் பார்த்தார். அவை பாதிதான் மடங்கின. நான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தேன், உட்கார்ந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லாத," என்றார் மெதுவாக.

"அவ ஆட்டோல வந்துட்டிருக்கா மாமா. எழுந்திருக்காதீங்க."

மண்டைக்குள்ளே, ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில், இத்தனை வாரமாக ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து தேங்கி அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஷட்டரில் இடித்த அதே இடி. அன்றைக்கே சின்னதாகத் துளை போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். யார் முதலில் கவனித்தது என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள், நான் எங்கள் மாப்பிள்ளை என்றேன். அந்தப் பிள்ளை எங்கே என்று டாக்டர் எனக்குப் பின்னால் தேடினார். அழுதுகொண்டிருந்த அக்கா அப்போதுதான் சிரித்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, திரையைத் துணியால் துடைத்து, "நல்லா இருப்பே" என்று சொன்னேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். என் அக்காவின் பொட்டைக் காப்பாற்றியதற்கு நான் வேறு எப்படி நன்றி சொல்வது? தெரியும், தெரியும் என்று நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். தெரியவில்லையே என்று அதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. பொறியாளரைக் கூப்பிட்டு, அந்த நாட்களில் நான் அமுக்கியதையெல்லாம் அழித்துவிட்டு மாமாவின் பழைய நடையை மட்டும் வைத்திருக்கச் சொன்னேன்.

மாமா மறுபடி வேலைக்கு வந்த அன்று நான் சீக்கிரமே வந்து ஊழியர் வாசல் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் கால் சரியாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் எனக்கு மாப்பிள்ளை சொல்ல வேண்டும்.

மணி அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. திரையில் சிவப்புக் கட்டம். கையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். கட்டத்துக்குள் இருந்தது அக்கா. சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, பாஸ் எதுவும் இல்லாமல், வீட்டுக்காரர் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டிருந்தாள். அவளுக்கு முன்னால், மழித்த தலையும் வீசிய கைகளுமாக, பச்சைக் கட்டத்துக்குள் மாமா.

வாக்கிடாக்கி கரகரத்தது. மாமா கேமராவை நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

"வாயாடி, உங்க அக்கா நடையையும் அதுல பதிஞ்சு வெச்சிடேன். எனக்குக் கண்ணு பத்தலை."

ஊழியர்களைத் தவிர வேறு யாரையும் பதியக்கூடாது, அதுதான் விதி என்றேன்.

"அப்படின்னா நீயாவது பார்த்து வை."

பார்த்தேன். அக்கா வலது பக்கம் லேசாகச் சாய்ந்து, நாலு எட்டுக்கு ஒரு தரம் பையைக் கை மாற்றியபடி நடந்தாள். பிறந்ததிலிருந்து அவளோடு இருக்கிறேன். அவள் எப்படி நடப்பாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.