ஊதுவதா உறிஞ்சுவதா

காளான் அறைக்குக் காற்றுவழி கேட்டு மச்சினன் என் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றே, அவனைக் கெடுப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொய்கூடத் தேவையில்லை. உண்மையைச் சொன்னாலே போதும்.

அவன் என் மனைவியின் தம்பி. மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒருமுறை ஆலை ஒன்றின் பெரிய விசிறி மோட்டார், மாட்டிய அரைமணியில் எரிந்துபோனது. காயில் கட்டியது நான். ஆலைக்குக் கொண்டுபோய் இணைப்புக் கொடுத்தது அவன். ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தான். முதலாளி கேட்டபோது, "மாமாவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல. காயில் தப்பாயிடுச்சு" என்றான். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தைவிட்டு அன்று மத்தியானமே வெளியே வந்தேன். அதிலிருந்து என் பெயர் கருக்கி. பக்கத்து வீட்டில் மிக்சி நின்றால்கூட மூன்று தெரு தள்ளிக் கொண்டுபோவார்கள், என்னிடம் தரமாட்டார்கள். நான்கு வருஷம் இப்படிப் போனது.

அவன் அக்காவின் நச்சரிப்பால் வந்தான், என்னை நம்பி வரவில்லை. ஒருத்தனை ஏய்த்தவன், அந்த ஒருத்தன் தன்னை எப்போது ஏய்ப்பான் என்று காத்துக்கொண்டே இருப்பான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்கு அது போதும்.

பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்திருந்தான். அகலம் பன்னிரண்டடி, நீளம் இருபதடி. வைக்கோல் அடைத்த பிளாஸ்டிக் பைகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடப்போகிறானாம். நான் முன்பு இரண்டு காளான் பண்ணைகளுக்கு விசிறி மாட்டியவன். அறையை ஒருமுறை சுற்றி வந்தேன்.

"விசிறிய வெளிய தள்ற மாதிரி மாட்டாத. உள்ள ஊதற மாதிரி மாட்டு."

"உள்ளயா? உலகத்துல எவன் மாமா விசிறியத் திருப்பி மாட்டுவான்?"

"காளான் வளக்கறவன் மாட்டுவான். நீ காத்த வெளிய உறிஞ்சினா, கதவிடுக்கு, சாக்கடைக் குழாய்னு எங்க ஓட்டை இருக்கோ அங்கல்லாம் அழுக்குக் காத்து உள்ள ஏறும். உள்ள ஊதினா, ஓட்டையில காத்து வெளிய மட்டும்தான் போகும். உள்ள வர ஒரே வழி, அந்த வழியில வடிகட்டிப் பெட்டி. பெட்டி காத்தைக் கொஞ்சம் தடுக்கும், அதனால விசிறி ஒரு அளவு பெருசா வாங்கு."

"துவாரம் எங்க போடறது?"

"முன்சுவத்துல, உசரத்துல. பின்னால வேண்டவே வேண்டாம். பழைய வைக்கோல அங்கதான கொட்டப்போற? பச்சைப் பூஞ்சை அதுலதான் பொறக்கும். கெட்ட காத்து போறதுக்குப் பின்சுவத்துல தரையோரமா வழி விட்டு, தானா மூடுற தட்டு போடு."

கரித்துண்டால் சுவரில் வரைந்தும் காட்டினேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் வேண்டுமென்றே சிரித்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஏங்க, நெசமாத்தான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஒரு வார்த்தை பொய்யில்ல."

"உங்க மூஞ்சியப் பாத்தா, பொய்யே சொல்லியிருக்கலாம்னு தோணுது." கிட்டே வந்து நின்றாள். "அவன் நம்பமாட்டான்னு தெரிஞ்சுதான சொன்னீங்க?"

மறுநாள் காலையில் அவளே தம்பியிடம் போனாள். மாமா சொன்னபடியே செய்யடா என்று கெஞ்சியிருக்கிறாள். "உன்னையும் ஏவி விட்டாரா அக்கா?" என்று கேட்டானாம். கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் அதோடு அவனுக்குத் தீர்ந்தது.

விசிறி முன்சுவரில் வெளியே பார்த்து ஏறியது. காற்று வரும் துவாரத்தைப் பின்சுவரில், குப்பைமேட்டுக்கு நேராக வைத்தான். வடிகட்டிப் பெட்டி கிடையாது. நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் தலைகீழாகச் செய்திருந்தான். என் பேச்சை இவ்வளவு கவனமாக இதுவரை யாரும் கேட்டதில்லை.

முதல் தடவை வைத்த பைகளில் பத்தாம் நாளே பச்சை படர்ந்தது. விதை சரியில்லை என்றான். இரண்டாம் தடவை மூலையில் ஒரு பையில் தொடங்கி, ஒரு வாரத்தில் அறையே பாசி பிடித்த குளம் மாதிரி ஆனது. அத்தனையையும் குழிதோண்டிப் புதைத்தார்கள். மனைவி அழுதாள். அவளுக்காக எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவனுக்காக இல்லை.

அந்த வாரமே வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது.

"என்ன மாமா செஞ்சீங்க?"

"சொன்னேன். வேற ஒண்ணும் செய்யல."

"அப்ப நெசமாவே உள்ளதான் ஊதணுமா?"

"இனிமே சொல்லமாட்டேன். ஊதுன்னா உறிஞ்சுவ. உறிஞ்சுன்னா, கெழவன் மாத்திச் சொல்றான்னு உக்காந்து யோசிப்ப. அதுக்குள்ள மூணாவது தடவையும் பச்சையாயிடும்."

"நீங்களே வந்து மாட்டிக் குடுங்க மாமா. உங்க கால்ல விழுறேன்."

"கால்ல எல்லாம் விழ வேண்டாம். பட்டறை வரைக்கும் நட. அப்புறம் மாட்டித் தரேன்."

எதற்கு என்று அவன் கேட்கவில்லை. வழியெல்லாம் எனக்கு இரண்டடி பின்னாலேயே வந்தான்.

பட்டறையில் நாலு பேர் காயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. அவன் தரையைப் பார்த்து ஏதோ முனகினான்.

"லேத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன். "பொய்ய எவ்வளவு சத்தமாச் சொன்ன? அதே சத்தத்துல சொல்லு."

"ஆலை மோட்டார் எரிஞ்சது என்னாலதான். இணைப்ப மாத்திக் குடுத்துட்டேன். மாமா கட்டின காயில் சரியாத்தான் இருந்துச்சு."

லேத்து நின்றது. முதலாளி கணக்குநோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் பழைய கதைய்யா. இப்ப எதுக்கு?" என்றார்.

"பழைய கதைன்னா, நேத்து டீக்கடையில கருக்கின்னு கூப்பிட்டது யாரு?" என்றேன்.

என்னோடு சேர்ந்து வேலை பழகியவன் ஒருத்தன் எழுந்து தன் முக்காலியை எனக்குத் தள்ளினான். நான் உட்காரவில்லை.

வாக்குக் கொடுத்தபடி அறைக்குப் போனேன். இரண்டு நாள் வேலை. சுவரையெல்லாம் பிளீச்சிங் தண்ணீரால் கழுவச் சொன்னேன். பின்சுவர்த் துவாரத்தை அடைத்தேன். நான் மேலே, ஏணியைப் பிடித்தபடி அவன் கீழே. ஏணியைத் தட்டிவிடுவானோ என்று எனக்கு. மேலிருந்து சுத்தியலைப் போட்டுவிடுவேனோ என்று அவனுக்கு. இரண்டு பேருமே வேலையில் கவனமாக இருந்தோம். விசிறியைத் திருப்பி மாட்டி, பெட்டியை வைத்து, தரையோரத் தட்டையும் பொருத்திய பிறகு, மூடிய கதவின் இடுக்கில் வெளியிலிருந்து ஒரு நூலைப் பிடித்தேன். நூல் என் பக்கமாகப் பறந்தது. கோணலாக மாட்டியிருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் அப்புறம் கருக்கி என்ற பெயர் உண்மையாகிவிடும்.

ஒரு மாதம் கழித்து ஒரு கூடை நிறைய வெள்ளைக் காளானோடு வந்தான்.

"இப்பவாவது எல்லாம் சரியாப் போச்சா மாமா?"

"காளானுக்குச் சரியாப் போச்சு" என்றேன்.

மனைவி கூடையை வாங்கி அடுப்படிக்குக் கொண்டுபோனாள். தம்பிக்கும் சேர்த்துச் சமைத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கடையில் சாப்பிட்டேன்.