டேக் முடியவில்லை

ஆங்கிலம்–தமிழ் அகராதி போடும் எங்கள் ஆபீசில், ஒரு சொல் முடிந்தால் அதை எழுதியவருக்கும் வேலை முடிந்தது. ‘ஈட்’, ‘ஸ்லீப்’ எழுதியவர்கள் எல்லாம் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு எதிர் நாற்காலிக்காரர் மட்டும் ‘எடு’ என்கிற ‘டேக்’கோடு உட்கார்ந்திருக்கிறார். டேக் சார் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

பாழாய்ப்போன அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஒன்றா இரண்டா! ஆங்கிலத்தில் மாத்திரைக்கும் டேக், பஸ்ஸுக்கும் டேக். தமிழில் ஒன்றைப் போடவேண்டும், இன்னொன்றைப் பிடிக்கவேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்கவேண்டும். அவர் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு சீட்டில் வாக்கியம் எழுதித் தருவார். நான் சத்தமாகப் படிப்பேன். வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்றால் சிவப்புக் கோடு. சீட்டு திரும்பிப் போகும்.

“ ‘அவள் குளியலை எடுத்தாள்.’ குளியல் என்ன அலமாரியிலயா இருக்கு சார், எடுக்கிறதுக்கு?”

“தப்புதான் மேடம்.”

“நேத்து ‘பரீட்சையை எடுத்தான்’. தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. வீட்டுல தமிழ்தானே பேசுறீங்க?”

அவர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கிக்கொள்வார். எருமை மேல் மழை பெய்த மாதிரிதான்.

இன்று காலை மேனேஜர் எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். “சாயங்காலத்துக்குள்ள டேக் முடியலைன்னா மேடம், உங்களையும் சேர்த்து அனுப்பிடுவேன்.”

சாப்பாட்டு நேரம் முடிந்ததும், நான் திருப்பி அனுப்பிய சீட்டு அத்தனையும் கட்டாக என் முன்னால் வந்தது. குளித்தாள். பரீட்சை எழுதினான். ஓர் எழுத்தில்கூடக் கை வைக்க முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் என் உயிரை வாங்கினீங்க?”

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். “நீங்க திட்டுறது நல்லா இருந்துச்சு மேடம். சம்சாரம் போனப்புறம் வீட்டுல திட்ட ஆள் இல்ல. இப்ப உங்க வேலைக்கே வேட்டுன்னதும் மனசு கேக்கல.”

பாவி மனுஷன்! நாளைக்கு அந்த நாற்காலி காலியாக இருக்குமே. அவர் இல்லாமல் இந்த ஆபீசில் எனக்கு என்ன இருக்கிறது?

மேனேஜர் கதவருகே வந்து நின்றார். “முடிஞ்சுதா?”

கடைசிச் சீட்டைப் பார்த்தேன். ‘மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?’ என்று எழுதியிருந்தது. எந்த வீட்டிலும் அப்படித்தான் கேட்பார்கள். சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

“இல்ல சார். இது தப்பு. நாளைக்குத் திருத்திக் கொண்டுவரட்டும்.”