ஒரே ஒரு குண்டு

கோர்டியின் கடையில் ஐந்தாவது துப்பாக்கி மேசைக்கு வந்தபோது மார்லீன் கங்காஸுக்குப் பசி எடுக்க ஆரம்பித்திருந்தது. முதல் நான்கையும் ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிப் பார்த்து, உதட்டைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒன்று கனம். ஒன்றின் கட்டை நீளம். அவளைப் போன்ற குட்டையான பெண்மணி அதைப் பிடித்தால் துடைப்பத்தால் ஒட்டடை அடிப்பது மாதிரி இருந்தது. மற்ற இரண்டும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. விலையும் அந்த லட்சணத்துக்கு ஏற்றபடி இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள் அழகுக்காகத் துப்பாக்கி வாங்க முடியுமா?

ஐந்தாவது, யாரோ வைத்திருந்து விற்றுவிட்டுப் போன பழைய செமி ஆட்டோமேட்டிக். மரக்கட்டையில் முள்கம்பி உரசிய கீறல்கள். ஆனால் இடது தோளில் ஏற்றியதும் அது அங்கேயே பிறந்து வளர்ந்தது போலப் பொருந்தியது. மார்லீன் இடது கைக்காரி. போதாக்குறைக்கு, இருபது வருடமாக சூப் அண்டாக்களைத் தூக்கியதில் வலது தோளின் தசைநார் கிழிந்து, தைத்து, இப்போதும் மழை வந்தால் முனகும். ஒவ்வொரு குண்டுக்கும் வலது பக்கக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டிய பழைய பாணித் துப்பாக்கி அவளுக்கு ஒத்துவராது. இதில் அந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். உதையும் குறைவு.

"இத எடுத்துக்கறேன்" என்றாள்.

கோர்டி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான். "உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"எங்கண்ணனா இத தோள்ல வெச்சு சுடப்போறான்?"

"இல்ல, போன வாரம்தான் வந்து சொல்லிட்டுப் போனாரு. மார்லீன் வந்தா செமி ஆட்டோ எதையும் காட்டாதே, அது சிக்கிக்கும், அப்புறம் காட்டுல உக்காந்து அழுவான்னு."

மார்லீன் சிரித்தாள். ஆனால் காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காது சூடாகவே இருந்தது.

விஷயம் துப்பாக்கி மட்டுமில்லை. காட்டுக்குள் சதுப்பை ஒட்டி அப்பா கட்டிய வேட்டைக் குடில், அவர் போன பிறகு அண்ணன் டுவெய்னுக்கும் அவளுக்கும் பாதிப் பாதியாக வந்தது. பாதி அவளுடையது என்றாலும் அந்தக் குடிலில் எந்தப் பெண்ணும் மான் வேட்டை நடக்கும் நவம்பரில் இரவு தங்கியதில்லை. முப்பது வருடமாக அவள் இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டிகளைச் சுட்டு, பெட்டியில் அடுக்கி, வாசல் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். இந்த வருடம், "நானும் வரேன்" என்றாள். டுவெய்ன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அதற்குப் பதிலாகத் துப்பாக்கி விஷயத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டாவது குண்டு ரெடியா இருக்குன்னு தெரிஞ்சவன் முதல் குண்ட ஒழுங்கா சுட மாட்டான். அப்பா என்ன சொல்வாரு? ஒரு சத்தம் கேட்டா இறைச்சி. ரெண்டு கேட்டா இருக்கலாம். மூணு கேட்டா ஒண்ணுமில்ல" என்றான் ஞாயிற்றுக்கிழமை சௌனா என்ற நீராவிக் குளியலறையிலிருந்து வெளியே வந்து, ஆவி பறக்கும் தலையைத் துவட்டியபடி.

"அப்ப என் துப்பாக்கில ஒண்ணுதான் கேக்கும்" என்றாள் மார்லீன்.

வாய் தவறி வந்த வார்த்தை. வந்தது வந்ததுதான்.

அந்தக் கோடை முழுக்க, வேலை இல்லாத நாளெல்லாம், ஊருக்கு வெளியே இருந்த பழைய சரளைக்குழிதான் அவளுக்குக் கதி. விருந்துக்கு வாங்கும் காகிதத் தட்டுகளை மண்மேட்டில் ஊன்றி வைத்து, மடக்கு மேசையில் மணல் மூட்டை போட்டுச் சுட்டாள். பிறகு மூட்டை இல்லாமல் சுட்டாள், பிறகு முழங்காலிட்டு, பிறகு மரத்தில் சாய்ந்து. துப்பாக்கியோடு வந்த, அடியில் செருகும் தோட்டாப் பெட்டியின் ஸ்பிரிங் சோம்பேறி என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது; வேறு வாங்கிப் போட்டாள். மலிவான தோட்டாக்களில் ஒரு வகையை இந்தத் துப்பாக்கிக்குப் பிடிக்கவே இல்லை, வாயில் போட்டதை அப்படியே கடித்துக்கொண்டு நிற்கும். இன்னொரு வகையை, அதைவிட மலிவானதை, சர்க்கரை போல விழுங்கியது. சமையல்காரிக்கு இதெல்லாம் புதிதில்லை. எந்த அடுப்பு எதைத் தீய்க்கும் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சோறு போட முடியுமா? மீன் தூண்டிலைத் தவிர வேறெதையும் தொடாத அவள் கணவன் கார்ல், ஓட்டை விழுந்த தட்டுகளைக் கார் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து மாட்டினான். செப்டம்பர் வாக்கில் ஓட்டைகளெல்லாம் தட்டின் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. கார்ல் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். அவள் கோபிப்பது போல் நடித்தாள்.

குளிர் ஏறியதும் துப்பாக்கிக்குள் இருந்த எண்ணெயை எல்லாம் வழித்துத் துடைத்தெடுத்தாள். உறைகுளிரில் எண்ணெய் வெண்ணெய் மாதிரி இறுகி இரும்பைப் பிடித்துக்கொள்ளும். டுவெய்ன் சொன்ன சிக்கல் பாதிப்பேருக்கு அதில்தான் வருகிறது என்பது அவள் கணிப்பு.

நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. மான் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளியைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்? மார்லீன் வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் கோட்டும் படுக்கைப் பையுமாகக் குடிலில் போய் இறங்கினாள். உள்ளே டுவெய்ன், அவனோடு மில்லில் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவர், அப்பாவின் கூட்டாளியான ரெய்னோ. ரெய்னோவுக்கு எண்பதை நெருங்கும் வயது. கால் போனாலும் வாய் போகவில்லை.

"பாஸ்டி எங்கம்மா?" என்றார் ரெய்னோ, அவள் கையைப் பார்த்து.

"கொண்டுவரல, மாமா. நான் வேட்டைக்கு வந்திருக்கேன்."

"நாசமாப் போச்சு. அப்ப டுவெய்ன் சமையல்தானா? மானுங்க பொழச்சாலும் நாம பொழைக்க மாட்டோம்."

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. டுவெய்ன் அவளைச் சாலைக்கு அருகில் இருந்த மான் பார்க்காமல் ஒளிந்திருக்கும் மறைவில் உட்காரவைத்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்கும் இடம். மானுக்கென்ன பைத்தியமா அங்கே வர? ஆனால் அவள் முனகாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் காலை, பைத்தியம் பிடித்த மான் ஒன்று வந்தது. தேவதாரு மரங்களுக்கிடையில் ஓசையில்லாமல், பெரிய கொம்புகளோடு, தலையைத் தாழ்த்திப் பனியை மோந்தபடி. கோடை முழுக்கக் காகிதத் தட்டைச் சுட்டபோது தட்டு மூச்சு விட்டதில்லை. இது விட்டது, மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அவள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள், பாதுகாப்புப் பொத்தானைத் தள்ளினாள், விசையை மெல்ல அழுத்துவதற்குப் பதிலாகச் சடக்கென்று பிடுங்கினாள். பிடுங்கும்போதே குறி தவறியது தெரிந்துவிட்டது.

மான் எகிறியது. வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் பாய்ந்து ஓடியது. அடுத்த குண்டு உள்ளே ஏறி உட்கார்ந்த சத்தத்தைக் கேட்டாள். விரல் விசையில்தான் இருந்தது. கிளைகளுக்கிடையில் ஓடும் பின்புறம்தான் தெரிந்தது; பட்டால் வயிற்றில் படும், சதுப்புக்குள் போய் நாள்கணக்கில் சாகும். விரலை எடுத்துவிட்டாள். காடு மறுபடி அமைதியானது. துப்பாக்கி துப்பிய வெற்றுத் தோட்டா உறை பனியில் ஒரு குழி உருக்கி அமிழ்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் டுவெய்ன் வந்தான், பின்னால் அந்த இரண்டு நண்பர்கள். எல்லோருமாகப் பனியைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஒரு முடிகூட இல்லை. மான் நின்ற இடத்துக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேல், ஒரு பூர்ச்ச மரத்தில் குண்டு பட்ட புதுக்காயம் வெள்ளையாகத் தெரிந்தது.

டுவெய்ன் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைப் பார்த்தான். அவன் குரல் இளகிவிட்டது.

"சிக்கிக்கிச்சா? நான் அப்பவே நெனச்சேன். ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. இல்லன்னா அடுத்தத நீ போட்டிருப்ப. விடு, உன் தப்பில்ல. இந்த மலிவு சாமான் எல்லாம் இப்படித்தான்."

நண்பர்கள் தலையாட்டினார்கள். அன்பாகத்தான் ஆட்டினார்கள். மார்லீனுக்கு அந்த அன்பு புரிந்தது. அதில் ஒரு கதவு திறந்திருப்பதும் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பிக்கும். அண்ணனும் ஜெயித்துவிடுவான், அவளும் தோற்கவில்லை. துப்பாக்கிதான் தோற்கும், அதற்கு வாயில்லை.

"சிக்கல" என்றாள்.

"அட, நம்மகிட்ட என்ன..."

"சிக்கலண்ணே. பாரு." துப்பாக்கியின் வாயைக் காலியான பக்கம் திருப்பி, தோட்டாப் பெட்டியைக் கழற்றி, பிடியை இழுத்தாள். உள்ளே தயாராக இருந்த, சுடாத குண்டு துள்ளி வந்து டுவெய்னின் பூட்ஸ் அருகே விழுந்தது. "ஏறித்தான் இருந்துச்சு. அந்த மான் பய புதருக்குள்ள ஓடிட்டான், அதனால சுடல. முதல் குண்டு என் தப்பு. பயந்து பிடுங்கிட்டேன். துப்பாக்கி சொன்ன வேலைய செஞ்சுச்சு."

டுவெய்ன் குனிந்து அந்தக் குண்டைப் பொறுக்கினான். கையுறையைக் கழற்றி, விரலால் பனியைத் துடைத்தான்.

குடிலுக்குள் நுழைந்ததும் ரெய்னோ அடுப்பங்கரையிலிருந்தே கேட்டார். "விழுந்துச்சா?"

"தவற விட்டேன், மாமா."

அந்தக் காட்டுப் பக்கம் இருக்கும் குடில்கள் எல்லாவற்றிலும் ஒரு வழக்கம் உண்டு. மானைக் குறி தவறவிட்டவன் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். துப்பாக்கி காலை வாரினால் மன்னிப்பு. இந்தக் குடிலின் சுவரிலும் ஒரு வரிசை தொங்கியது, புகை படிந்து பழுப்பாகி. ஒவ்வொன்றிலும் பெயருக்குக் கீழே காரணமும் இருக்கும். டுவெய்னுடையதில் 'கண்ணாடியில் பனி'. அப்பாவுடையதில் 'கண்ணில் சூரியன்'. அன்றைக்கு மேகமூட்டம் என்று ரெய்னோ வருடா வருடம் சத்தியம் செய்வார்.

"பொம்பளைக்கெல்லாம் எதுக்கு..." என்று இழுத்தான் டுவெய்ன். "விட்டுருவோம்."

மார்லீன் ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை, நல்ல சட்டை, கார்ல் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. அதன் பின்வாலைக் கால்சட்டையிலிருந்து உருவி வெளியே விட்டு, ரெய்னோவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"பாதிக் குடில் என்னுது. சுவத்துல பாதியும் என்னுதுதான். வெட்டுங்க மாமா."

ரெய்னோ எழுந்தார். முழங்கால்கள் மடமடத்தன. மான் தோலுரிக்கும் கத்தியை எடுத்து, துணியை இழுத்துப் பிடித்து, சரக்கென்று ஒரே வெட்டு. "நல்ல கம்பளிம்மா. உங்கப்பன் சட்டை இவ்வளவு தரமா இருந்ததில்ல" என்றார். மேசையில் விரித்து, தடித்த பேனாவால் பெயரையும் வருடத்தையும் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "காரணம் என்னன்னு போட?"

"ஒண்ணும் போடாதீங்க."

"காரணம் இல்லாத வால் இந்தச் சுவத்துல ஒண்ணுகூட கெடையாதே."

"இனிமே இருக்கட்டும்."

ரெய்னோ ஓவென்று சிரித்துவிட்டார். நண்பர்கள் இருவரும் மேசையைத் தட்டினார்கள். டுவெய்ன் மட்டும் சிரிக்காமல் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு போய், அப்பாவின் பழுப்புத் துணிக்குப் பக்கத்தில் அதை அடித்தான். கொஞ்சம் கோணலாக இருந்தது. பிடுங்கி, நேராக வைத்து, மறுபடி அடித்தான். மார்லீனுக்குக் கண் கலங்கியது. குறி தவறிய நாளில் இவ்வளவு பெருமையாக இருக்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் விடியுமுன் எல்லோரும் கிளம்பினார்கள். ராத்திரி புதுப்பனி விழுந்திருந்தது. பாதை பிரியும் இடத்தில் டுவெய்ன் நின்றான். சாலைப் பக்கம் கை காட்டவில்லை. சதுப்புக்கு அந்தப் பக்கம் கறுப்பாகத் தெரிந்த மேட்டை நோக்கித் தாடையை உயர்த்தினான்.

"அங்க போ. நேத்து ஓடுனவன் அங்கதான் இருப்பான்."

"அது உன் எடமாச்சே?"

"போடின்னா" என்று சொல்லிவிட்டு, சாலைப் பக்கம் இருந்த மறைவை நோக்கி அவன் நடக்க ஆரம்பித்தான்.

மார்லீன் துப்பாக்கியை இடது தோளில் மாட்டிக்கொண்டு ஏறினாள். ஒருவரும் மிதிக்காத பனி முழங்கால் வரை இருந்தது. மேட்டில் பாதி ஏறியதும் காற்று கோட்டுக்கடியில் புகுந்து, சட்டைவால் வெட்டுப்பட்ட இடத்தில், இடுப்புக்குப் பின்னால் சில்லென்று கை வைத்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொள்ளலாம்தான். அவள் இழுத்துவிடவில்லை. அந்தக் குளிரோடேயே மேலே நடந்தாள்.