விஜயரத்தினம் மாமா திருப்பி எறிந்த பந்து

தென்கிழக்குக் கொக்குகள் என்ற பேஸ்பால் அணிக்கு வரலாறு உண்டு. மூன்று வருட வரலாறு. 2014 ஜனவரியில் அதை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் மெல்பர்னில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தேன், அந்த அணியின் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் வேலை பழக வந்திருந்தேன், எனக்கு பேஸ்பால் தெரியாது. "தெரியாத ஆள்தான் நடுநிலையாக எழுதுவார், மயூரதன்," என்றாள் ஷெரில்.

ஷெரில் அணியின் விளம்பர மேலாளர், டிக்கெட் மேலாளர், மழை வந்தால் தார்ப்பாய் மேலாளர். பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குள் சின்னப் புத்தகம் ஒன்று வரவேண்டும் என்றாள். 'மறக்க முடியாத பத்துத் தருணங்கள்.'

தேடினேன். முதல் வெற்றி கிடைத்தது. அன்றைக்கு எதிரணியில் பாதிப் பேருக்கு வயிற்றோட்டம். ஆட்டத்தின் நடுவில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் தாமாகத் திறந்துகொண்ட நாள் ஒன்று. ஒரு கடற்பறவை, ஓடுகிறவர்கள் தொடவேண்டிய இரண்டாம் பேஸில் உட்கார்ந்து எழும்ப மறுத்த நாள் இன்னொன்று. எங்கள் பக்கத்திலிருந்து அன்று இரண்டாம் பேஸ் வரை போய்ச் சேர்ந்தது அது மட்டும்தான். அதோடு வரலாறு வற்றிவிட்டது.

"முதலிடத்துக்கு யோசிக்கவே வேண்டாம்," என்றாள் ஷெரில். "அந்தப் பாவிதான்." கணினியில் ஒரு வீடியோவைப் போட்டாள்.

2010 நவம்பர். சொந்த மைதானத்தில் அணியின் முதல் ஆட்டம். டேரன் என்ற எங்கள் வீரன் ஓங்கி அடிக்கிறான். பந்து வேலிக்கு மேலால் பறந்து பார்வையாளர்களுக்குள் போகிறது. கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி, இங்கே ஹோம் ரன். அணியின் வாழ்க்கையிலேயே முதலாவது. கூட்டத்தில் ஒருவர் எழும்பி அதை ஒற்றைக் கையால் பிடிக்கிறார். சனம் கை தட்டுகிறது. அடுத்த கணம் அவர் அதே கையால் பந்தை மைதானத்துக்குள் திருப்பி எறிகிறார். வேலியோரம் நின்ற எதிரணிப் பையன் அதைத் தொடாமல் ஒதுங்கி நிற்கிறான். மைதானம் முழுக்க எழும்பிக் கூ அடிக்கிறது.

"இதில் என்ன பிழை?" என்று கேட்டேன்.

ஷெரில் என்னைப் பார்த்த பார்வையில் நடுநிலை இல்லை. "பிடித்த ஆளுக்குத்தான் பந்து. வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார்கள். எதிரணி அடித்ததை மட்டும்தான் திருப்பி எறிவார்கள், உன் ஹோம் ரன் எங்களுக்குக் குப்பை என்று சொல்ல. இந்த மனிதன் நம்முடைய முதல் ஹோம் ரனை..." அவள் வீடியோவை நிறுத்தினாள். "டேரன் அதற்குப் பிறகு இன்னும் ஒன்று அடிக்கவில்லை. இவர் யார், அவன் மேல் என்ன கோபம், ஒருவருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். வீடியோவில் அந்த மனிதரின் இடது கையில் கடித்த ரோல்ஸ் ஒன்று இருந்தது, மாமி சுருட்டிப் பொரிக்கிற பலகாரம். அவர் மெல்பர்ன் புறநகர் ரோவிலில் இருக்கிற விஜயரத்தினம் மாமா, அம்மாவின் அண்ணா.

மாமா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணியின் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கொண்டுபோவதற்காக மட்டும் மைதானத்துக்குள் இறங்கியவர். டண்டினொங் கடை ஒன்றில் அரிசி மூட்டையோடு இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டில் அந்த ஆட்டத்துக்குப் போனார். அன்றிலிருந்து குடும்பத்தில் எந்தப் பிறந்தநாள் நடந்தாலும் கேக் வெட்டியதும் அந்தக் கதை வரும். அவர் வாழ்க்கையில் ஒரு மைதானம் பார்த்திருக்க அவர் எறிந்த ஒரே பந்து அது. ரோல்ஸ் கீழே விழவில்லை என்ற பகுதியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அதுதான் உண்மையாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ரோவிலுக்குப் போனேன்.

"மாமா, அந்தப் பந்துக் கதையை ஒருக்காச் சொல்லுங்கோ."

குசினிக்குள் இருந்து கமலேஸ்வரி மாமி எட்டிப் பார்த்தார். "கேட்டிட்டான். இனி சோறு ஆறின மாதிரித்தான். இந்த மனுசன் இன்னும் அந்தப் பந்தை எறிஞ்சு முடிக்கேல்லை."

மாமா கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஒற்றைக் கைப் பிடி. உடன எறிஞ்சனான். நேர அந்தப் பெடியன்ர நெஞ்சுக்கு. அவன் பிடிக்கேல்லையடா! அவ்வளவு அழகான எறிக்கு, கையைக் கூட நீட்டேல்லை. முழு ஸ்டேடியமும் எழும்பி அவனுக்குக் கூ அடிச்சது. பாவம், எனக்கே ஒரு மாதிரிப் போச்சு."

"ஏன் மாமா எறிஞ்சனீங்கள்?"

"இதென்ன கேள்வி? பந்து அவங்கட. மற்றாள் எதால விளையாடுறது?"

மூன்று வருடமாக ஒரு லீக் விடை தேடிய கேள்வி அது. நான் மாமியின் கத்தரிக்காய்க் குழம்பைப் புகழ்ந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அலுவலகத்தில் சொன்னது என் மடத்தனம். ஷெரில் நாற்காலியை விட்டு எழும்பினாள். கடைசி ஆட்டத்துக்கு முன் மைதானத்தின் நடுவில் மாமாவும் டேரனும் சந்திக்க வேண்டும். டேரனிடம் ஒரே ஒரு கேள்வி இருக்கிறதாம். அழைப்பு மாமாவுக்குப் போனது. அதில் 'கௌரவ விருந்தினர்' என்று இருந்ததால் அவர் கேள்வி எதையும் எதிர்பார்க்கவில்லை. கல்யாணக் கோட்டை அயர்ன் பண்ணினார். போதாததற்கு, தன் கதையைக் கேட்டு அலுத்த சொந்தக்காரரை எல்லாம் ஒரு வாடகை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார், நேரில் பார்க்கட்டும் என்று.

"இஞ்சாருங்கோ, கோட்டுப் பட்டனைப் பூட்டுங்கோ," என்றார் மாமி. மாமா பூட்டினார். நான் அவரோடு நடந்தேன். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் அவர் தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது இன்னொரு முறை எறியச் சொன்னால் என்று.

டேரன் ஆறடிக்கு மேல். கண் மட்டும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய பிள்ளையின் கண். ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"சார், என் பந்தை ஏன் திருப்பி எறிந்தீர்கள்? நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

மாமா சிரிப்பை முகத்தில் வைத்தபடியே என் பக்கம் திரும்பினார். "என்னடா கேக்கிறான்?"

"இஞ்ச பிடிக்கிற ஆளுக்குத்தான் பந்தாம், மாமா. திருப்பி எறிஞ்சா, அடிச்சவனை அவமதிக்கிறதாம்."

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாமா வேலியோரத்தைப் பார்த்தார். வான் வண்டியில் வந்த சனம் எல்லாம் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. பிறகு ஒலிவாங்கியை வாங்கினார். தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில், அவசரமில்லாமல் பேசினார்.

"மகன், எங்கள் கிரிக்கெட்டில் ஒரு பந்துதான். பார்க்க வந்தவன் பிடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். நீ நல்லாய் அடித்தாய். இன்னொன்று அடிப்பாய் என்று நினைத்தேன்."

டேரன் தொப்பியைக் கழற்றினான். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

டேரன் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நிமிர்ந்து ஒரு புதுப் பந்தை மாமாவின் கையில் வைத்தான். கூட்டம் குஷியாகிவிட்டது. "எறி! எறி!" என்று கத்தியது. மாமா பந்தைப் பார்த்தார், டேரனைப் பார்த்தார், கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எறியாத குற்றத்துக்கு ஸ்டேடியம் முழுக்க எழும்பி, செல்லமாக, நீளமாகக் கூ அடித்தது.

அந்தச் சத்தத்தை மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். பழக்கமான சத்தம்.

அன்று டேரன் ஹோம் ரன் அடிக்கவில்லை. மூன்று முறை அடிக்க வந்தான், மூன்று முறையும் மட்டையில் பந்து படாமலே வெளியேறினான். ஆனால் மூன்று முறையும் சிரித்துக்கொண்டே போனான் என்று ஷெரில் புகார் செய்தாள்.

வான் வண்டி ரோவிலுக்குத் திரும்பியது. மாமி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினார். மாமா எடுக்கவில்லை.

"மயூரதன்."

"ஓம் மாமா."

"அண்டைக்குக் கூ அடிச்சது எனக்கோ?"

மாமி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பொய் சொல்லலாம். ஆனால் வீடியோ இருக்கிறது.

"ஓம் மாமா."

"முழு ஸ்டேடியமுமோ?"

"முழு ஸ்டேடியமும்."

வான் இரண்டு சந்தி தாண்டியது. "அப்ப அந்தப் பெடியனுக்கு இல்லை," என்றார் மாமா. "மூண்டு வருசமா அவனை நினைச்சுக் கவலைப்பட்டனான். நான் நல்லாத்தான் எறிஞ்சனான், அவனும் வேணுமெண்டுதான் பிடிக்கேல்லை." ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தார். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டனீங்களே? அவ்வளவு சனமும். எனக்கு ஒருத்தனுக்கு!"

"தொடங்கிட்டார்," என்றார் மாமி.

மாமா பையிலிருந்து பந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டு வாசலில் இறங்கும்போதும் அது கையில்தான் இருந்தது.

"அலுமாரியில வையுங்கோ மாமா. அதுதான் முறை."

"வைக்கிறன், வைக்கிறன்." கதவடியில் நின்றார். "ஆனா தம்பி, ஒருக்கா ஷெரிலிட்டக் கேட்டுச் சொல்லு. அவங்களிட்ட வேற பந்து இருக்குத்தானே?"