பன்னிரண்டாவது மாணவி

மூடிப்போன நூல் ஆலைக்குள்தான் எங்கள் பல்கலைக்கழகம் பிறந்தது. நான்கு வருடமாகியும் வகுப்பு மாறும்போது ஆலைச் சங்குதான் ஊதுகிறது. மழை பெய்தால் மண்ணியல் ஆய்வகத்தில் வாளி வைக்க வேண்டும். "ஈர மண்ணுக்குத் தனியா செலவே இல்ல" என்பார், அங்கே பாடம் நடத்தும் என் கணவர்.

அன்று காலை துணைவேந்தர் ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடி வந்தார். மண்ணியல் பட்டத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அலுவலகமே கைதட்டியது. கோப்பில் சேர்க்கச் சொல்லி, துணைப் பதிவாளரான என்னிடம் அதைக் கொடுத்தார். இரண்டாவது பக்கத்தை நான் மட்டும்தான் படித்தேன்.

அங்கீகாரம் இப்போது படிப்பவர்களுக்கும் இனிமேல் சேர்பவர்களுக்கும் மட்டும். படித்து முடித்த முதல் பன்னிரண்டு பேரும் முப்பது நாளுக்குள் தாங்களே மேல்முறையீடு செய்யலாம்.

திரும்பப் போய்க் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"பட்டமளிப்பு விழா முடியட்டும்மா. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள கெடு முடிஞ்சிடும் சார்."

"அவங்களா கேக்காதப்ப நாம ஏன் கிளறணும்?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. மூன்று வருடமாக அதைச் சொல்லித்தான் நானும் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் முன்பு, சேர்க்கையின் கடைசி நாளில் மண்ணியலுக்குப் பதினொரு பேர்தான் இருந்தார்கள். பன்னிரண்டு இல்லையென்றால் துறையே கிடையாது. என் கணவருக்கு வேலையும் கிடையாது. என் நாத்தனாருக்கோ பழைய பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. ஃபோன் செய்தேன். "இங்க வந்துடு. அங்கீகாரமெல்லாம் வாங்கியாச்சு" என்றேன். அங்கீகாரம் கேட்கும் விண்ணப்பமே அப்போது அனுப்பப்படாமல் என் மேசையில்தான் கிடந்தது.

மாலையில் நாத்தனார் ஸ்டூலில் நின்றாள். தைத்து வந்த பட்டமளிப்பு அங்கி கணுக்காலுக்குக் கீழே தொங்கியது. நான் விளிம்பை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. இதுல வக்கீல் மாதிரி இருக்கேனா, வவ்வால் மாதிரி இருக்கேனா?"

வாயில் குண்டூசிகள் இருந்தன. நல்ல சாக்கு. ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். பிறகு இரண்டாவது பக்கத்தை நீட்டினேன்.

அவள் ஸ்டூலில் நின்றபடியே படித்தாள். இரண்டு முறை.

"வாங்கியாச்சுன்னு சொன்னீங்களே?"

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"பன்னிரண்டு பேர் வேணும். இல்லன்னா உங்க அண்ணனுக்கு வேலை போயிடும். உன்னைப் பத்தி நான் அப்ப யோசிக்கவே இல்ல."

அவள் இறங்கினாள். குத்திய ஊசி காலில் கீறியும் கவனிக்கவில்லை.

"நான் பக்கத்துல இருக்கணும்னு ஆசைப்பட்டுக் கூப்பிட்டீங்கன்னு இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தேன் அண்ணி."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளுடைய சேர்க்கைக் கடிதத்தின் நகலை மேசையில் வைத்தேன். 'அங்கீகரிக்கப்பட்ட பட்டம்' என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து.

"பன்னிரண்டு பேருக்கும் இதைத்தான் அனுப்பினேன். மேல்முறையீட்டுல இதைச் சேர்த்துக்கோங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்னு நானும் எழுதித் தரேன்."

"உங்க வேலை?"

"போகட்டும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன், இல்லையென்று.

அவள் அங்கியைக் கழற்றி ஸ்டூலின் மேல் போட்டாள். ஃபோனை எடுத்தாள். "மத்த பதினொரு பேரை நான் வரச் சொல்றேன். அவங்க முன்னாடி நீங்கதான் பேசணும்."

வெளியே கணவரின் வண்டி வந்து நின்றது.

"முதல்ல அண்ணன்கிட்ட," என்றாள், என்னைப் பார்க்காமல். "கதவைத் திறங்க."